கம்மின்ஸ் 6பிடி பிளாக்கில் உள்ள துளைகளும் பிளக்குகளும்: எது எங்கே போகிறது?

கேள்வி: சங்ககிரி லாரிக்காரன்

வணக்கம். சங்ககிரியில் இரண்டு லாரிகளை வைத்துத் தொழில் செய்து வருகிறேன். அவற்றுள் பழையதான டாட்டா லாரியில் ஜாம்ஷெட்பூரில் தயாரான கம்மின்ஸ் 6பிடி 5.9 என்ஜின் இருக்கிறது. ஆயில் குடிப்பது அதிகமானதால் என்ஜினை இறக்கி, பிளாக்கை (சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பிரும்பு உடலை) போரிங் பட்டறைக்கு அனுப்பி, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்ப ஆறு சிலிண்டர்களையும் போர் அடிக்கச் சொன்னேன். வேலை சுத்தமாகவே முடிந்திருக்கிறது. ஆனால் பிளாக்கைக் காரத் தொட்டியில் போட்டுக் கழுவுவதற்காக அதிலிருந்த எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எதற்கும் குறி வைக்காமல், ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கொட்டித் திருப்பித் தந்துவிட்டார்கள். என்ஜினைப் பிரித்த மெக்கானிக் இப்போது வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார்.

பிளாக்கை ஸ்டாண்டில் ஏற்றி, கண்ணில் பட்ட ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதியிருக்கிறேன். டீசல் பம்ப் இருக்கும் பக்கத்தில் நீளவாக்கில் சிறு மரைத் துளைகள் சில வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு 1 முதல் எண் கொடுத்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் மரை இல்லாத பெரிய வட்டத் துளைகளும், ஆயில் கூலர் உட்காரும் நீண்ட பள்ளமும், அதற்கு மேலே ஒரு நடுத்தர அளவுத் துளையும் இருக்கின்றன. பின்புறம் ஃப்ளைவீல் ஹவுசிங் மூடும் இடத்தில் ஒரு பெரிய வட்டமும், அதிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய துளையும் இருக்கின்றன. முன்புறம் டைமிங் கேஸ் பொருந்தும் முகத்தில் ஓரிரு துளைகளில் எஃகு ஊசி போன்ற ஏதோ ஒன்று செருகப்பட்டிருக்கிறது.

இணையத்தில் ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். அதில் ஆயில் பிரஷர் எடுக்கும் துளை ஓட்டுநர் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் வண்டியில் ஓட்டுநர் பக்கமாகத் தேடினால் அங்கே ஆயில் கூலர்தான் இருக்கிறது. இது வேறு வகை என்ஜினோ என்ற குழப்பம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஆயில் பிரஷர் சென்டரை, அதாவது பிரஷரை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் சிறு கருவியை, புதிதாக வாங்கி வந்தேன். கையால் திருகினால் இரண்டு சுற்று உள்ளே போய் அதற்கு மேல் இறுகிக்கொள்கிறது. கடைக்காரர் ஸ்பானர் போட்டு முறுக்கினால் போய்விடும் என்கிறார். எனக்குக் கை வரவில்லை.

எந்தத் துளை ஆயிலுக்கு, எந்தத் துளை தண்ணீருக்கு, எதைத் திறந்தே விட வேண்டும் என்பதை எப்படி உறுதி செய்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: பீளமேடு பழைய மெக்கானிக்

தம்பி, முதலில் ஸ்பானரைக் கீழே வைத்தது நல்ல காரியம். சென்டர் விஷயத்தை மரை வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்; நான் துளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களுடையது வேறு வகை என்ஜின் அல்ல. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார், நம் ஊரில் வலப்பக்கம் உட்காருகிறார். குழப்பம் முழுவதும் அவ்வளவுதான். என்ஜினுக்கு இடம் வலம் சொல்லும்போது ஓட்டுநரை மறந்துவிட வேண்டும். ஃப்ளைவீலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ரேடியேட்டர் பக்கமாகப் பார்த்தால் உங்கள் இடக்கைப் பக்கம் என்ஜினின் இடம், வலக்கைப் பக்கம் அதன் வலம். எந்த நாட்டு வண்டியில் இருந்தாலும் இது மாறாது. 6பிடியில் டீசல் பம்பும் டேப்பெட் கவரும் இடப்பக்கம் இருக்கும்; எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, ஆயில் கூலர், ஆயில் ஃபில்டர் ஆகியவை வலப்பக்கம் இருக்கும். சிலிண்டர் எண் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 என்று தொடங்கும். இதைச் சுண்ணாம்புக்கட்டியால் பிளாக்கிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் காணொளியில் ஓட்டுநர் பக்கம் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் இடப்பக்கம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, துளையின் வாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆயில் துளையும் தண்ணீர்த் துளையும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். துளை உள்ளே எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பிளாக் வெறுமையாக ஸ்டாண்டில் இருப்பதால் அதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கிராங்க் ஷாஃப்ட்டைப் பூட்டிய பிறகு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பாதிக்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

ஒரு டார்ச் லைட்டும், வளையக்கூடிய கம்பியும், ஏர் கன்னும் போதும். லைட் அடித்துப் பார்க்கும்போது உள்ளே சுவர் வழவழப்பாக, டிரில் போட்ட கோடு தெரியும்படி நேராகப் போனால் அது பெரும்பாலும் ஆயில் வழி. சொரசொரப்பான வார்ப்புச் சுவரும் துருவின் கறையும் தெரிந்து, உள்ளே குகை போல அகன்றால் அது தண்ணீர் ஜாக்கெட், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை. காரத் தொட்டியில் கழுவியிருந்தாலும் வார்ப்பின் முரட்டுத்தனம் போகாது.

ஏர் கன்னை எடுத்து, இடப்பக்கத்து வரிசையில் உங்கள் 1ஆம் எண் துளையில் வைத்துக் காற்றை அடியுங்கள். மற்றவற்றை ஆட்கள் கையால் மூடிக்கொண்டால், கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் ஏழு மெயின் பேரிங் இருக்கைகளிலும், அவற்றுக்கு மேலே கேம் ஷாஃப்ட் ஓடும் துளைகளிலும், ஹெட் உட்காரும் மேல்தளத்தில் ராக்கருக்கு ஆயில் ஏறும் சிறு வழிகளிலும் காற்று வர வேண்டும். அப்படி வந்தால் நீங்கள் நிற்பது மெயின் ஆயில் கேலரியில். ஆயில் பம்பிலிருந்து வரும் ஆயில் வலப்பக்கம் கூலரிலும் ஃபில்டரிலும் புகுந்து, பிளாக்கைக் குறுக்காகக் கடந்து இந்தக் கேலரிக்கு வந்துதான் எல்லா இடத்துக்கும் பிரிகிறது. ஆகவே ஆயில் பிரஷர் சென்டருக்கும், ஏர் கம்ப்ரஸருக்கு ஆயில் கொடுக்கும் பைப்புக்கும் இந்த வரிசையிலிருந்துதான் இடம் எடுக்கப்பட்டிருக்கும். மிச்சமுள்ளவற்றில் பிளக் வந்துவிடும்.

பின்புறம் நீங்கள் சொல்லும் பெரிய வட்டம் கேம் ஷாஃப்ட் துளையின் பின்வாய்; அதில் ஒரு தகட்டு மூடி அடிக்கப்பட வேண்டும். சிறிய துளையில் நீண்ட கம்பியை விட்டுப் பாருங்கள். அது கேலரியின் வழியாகவே நேராக ஓடினால், கேலரியின் பின்முனைப் பிளக் அங்கே வர வேண்டும். இந்த இரண்டையும் ஃப்ளைவீல் ஹவுசிங் மறைத்துவிடும். வண்டியை ஏற்றி ஓட்டிய பிறகு அங்கே ஆயில் கசிந்தால் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல், ஹவுசிங் என எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். நான் இதை ஒரு முறை செய்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் வேலைக்குக் கூலி யாரும் தரவில்லை.

முன்முகத்தில் செருகியிருக்கும் ஊசி பிளக் அல்ல, டைமிங் கேஸைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் டவல் பின். ஆனால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். இந்த 12 வால்வு என்ஜின்களில் கேம் கியருக்கு அருகிலுள்ள அந்தப் பின் அதிர்விலேயே மெல்ல வெளியே நகர்ந்து, டைமிங் கியர்களுக்கு நடுவே விழுந்து கேஸையே உடைத்த கதைகள் ஏராளம். கேஸை மாட்டிய பிறகு, பின் வெளியே வர முடியாதபடி பக்கத்துப் போல்ட்டில் ஒரு சிறு தகட்டை நாக்கு போல நீட்டி வைத்து இறுக்கிவிடுங்கள்.

வலப்பக்கம் கூலர் பள்ளத்துக்கு மேலே இருப்பதாகச் சொன்ன நடுத்தரத் துளையில் காற்றை அடித்தால் அது எங்கும் அழுத்தமாக வராமல் கிராங்க் கேஸுக்குள் பொசுக்கென்று போய்விடும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் வழி. அதற்குப் பிளக் போடக் கூடாது. பைப்பும் நசுங்காமல் அகலமாக இருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டால் டர்போவில் இறங்க இடமில்லாத ஆயில் சீலைத் தாண்டிச் சைலன்சரில் புகையாகப் போகும். பலர் டர்போ கெட்டுவிட்டது என்று புதியது வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். டிப்ஸ்டிக் குழாய்த் துளையும் இதே போலக் கிராங்க் கேஸுக்குள்தான் திறக்கும்.

சோதித்துப் பார்த்து எழுதுங்கள்.


சங்ககிரி லாரிக்காரன்

ஐயா, மிக்க நன்றி. நேற்று மாலை பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஏர் லைன் இழுத்து வந்து, மூன்று பேர் நின்று செய்து பார்த்தோம்.

இடப்பக்க வரிசை முழுவதும் கேலரிதான். ஏழு இருக்கைகளிலும் காற்று வந்தது. ஆனால் நான்காவது இருக்கையில் மட்டும் மிக மெதுவாக வந்தது. கம்பியை விட்டுக் குத்தியதில் கருப்பான மெழுகு போன்ற கசடும், போரிங் தூளும் சேர்ந்து வெளியே வந்தன. கழுவித் தந்த பிளாக்கில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பின்புறச் சிறு துளையில் விட்ட கம்பி கேலரி வழியாக ஓடியது. வலப்பக்க நடுத்தரத் துளை, நீங்கள் சொன்னபடியே கிராங்க் கேஸுக்குள் திறக்கிறது.

வலப்பக்கத்துப் பெரிய வட்டங்கள் எல்லாம் ஒரே தண்ணீர்க் குகையில் போய்ச் சேர்கின்றன. அமெரிக்கக் காணொளியில் அவற்றுள் ஒன்றில் ஹீட்டர் மாட்டுகிறார்கள். நம்முடையதில் அப்படி எதுவும் இருந்ததாக நினைவில்லை. அதையும் மூடிவிடலாமா?


மறுமொழி 2: குறிச்சி டர்னர்

ஹீட்டர் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மூடிவிடலாம். பனிக்கட்டி உறையும் ஊர்களில் காலையில் என்ஜின் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகத் தண்ணீரை மின்சாரத்தால் சூடாக்கும் கருவியை அந்த இடத்தில் மாட்டுகிறார்கள். சங்ககிரிக்கு அது வேண்டியதில்லை.

சென்டரைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதே காரணத்தால் விரிசல் விட்ட பிளாக்குகள் எங்கள் லேத்துக்கு வந்திருக்கின்றன. ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறுக்களவில் மூன்று விதமான மரைகள் நம் சந்தையில் கலந்து கிடக்கின்றன. ஒன்று மெட்ரிக் எம்10×1. வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். இன்னொன்று அமெரிக்கக் கூம்பு மரையான 1/8 என்பிடி. வெளிவிட்டம் சுமார் 10.3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 27 மரை. மூன்றாவது பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பிஎஸ்பி, வெளிவிட்டம் 9.73 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 மரை. மூன்றையும் மேசையில் வைத்தால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். ஒன்றின் துளையில் மற்றொன்றைத் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமத்தாகப் போய், பிறகு இறுகிக்கொள்ளும். நீங்கள் சொன்ன அறிகுறி அச்சு அசலாக இதுதான்.

6பிடியின் கேலரித் துளைகளில் எம்10×1 மரை பரவலாக வருகிறது. கடைக்காரர் கொடுத்த சென்டர் 1/8 என்பிடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பானர் போட்டு முறுக்கினால் கடைக்காரர் சொன்னது போல அது உள்ளே போய்விடும்தான். ஆனால் எஃகோ பித்தளையோ வார்ப்பிரும்பின் மரையை அறுத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் கூம்பு ஆப்பு போல வேலை செய்து துளையைச் சுற்றியுள்ள தடிப்பைப் பிளந்துவிடும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், விரிவதைத் தாங்காது.

எனவே துளையை அளக்காதீர்கள், அது கடினம். அந்தத் துளையில் ஏற்கெனவே இருந்த பிளக்கை அளந்து பாருங்கள். டப்பாவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கையால் மட்டும் திருகி, கடைசி வரை தடையில்லாமல் ஓடுகிற பிளக் எதுவோ அதுதான் அந்தத் துளைக்குரிய மரை. பிறகு வெர்னியரால் அதன் விட்டத்தை இரண்டு இடங்களில் பாருங்கள். நுனியிலும் அடியிலும் ஒரே அளவு இருந்தால் நேர் மரை. நுனி சிறுத்திருந்தால் கூம்பு மரை; என்பிடியும், பிஎஸ்பியின் கூம்பு வகையான பிஎஸ்பிடியும் 16க்கு 1 என்ற விகிதத்தில் சிறுக்கும். அடுத்து மரை அளக்கும் பிட்ச் கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அது இல்லையென்றால் நீளமான ஒரு போல்ட்டில் பத்து மரையை அளந்தும் சொல்லலாம்: எம்10×1 ஆனால் 10 மில்லிமீட்டர், என்பிடி ஆனால் 9.4, பிஎஸ்பி ஆனால் 9.07. என்பிடிக்கும் பிஎஸ்பிக்கும் உள்ள வேறுபாடு தலைமுடி அளவுதான் என்பதால், குட்டைப் பிளக்கில் ஸ்கேல் வைத்து அளப்பதை நம்ப வேண்டாம்.

தண்ணீர்ப் பக்கத்தில் வரும் பெரிய மரைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 1/2 அங்குலத்திலும் 3/4 அங்குலத்திலும் என்பிடி, பிஎஸ்பி இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். மரையை எண்ணி எந்தப் பயனும் இல்லை. 1/2 என்பிடியின் விட்டம் 21.34, பிஎஸ்பியின் விட்டம் 20.96; மரையின் கோணம் முன்னதற்கு 60 பாகை, பின்னதற்கு 55 பாகை. கடைவீதியில் கிடைக்கும் வீட்டுக் குழாய்ப் பிளக் பிஎஸ்பிதான். அதை என்பிடி துளையில் திருகினால் பொருந்தியது போலவே உட்காரும். தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏறும்போது ஒழுகும். தண்ணீர் வடிக்கும் குழாய் இருக்கும் இடத்தில் வீட்டுப் பிளம்பர் பிளக்கைப் போட்டுவிட்டு, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்டரைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். மாற்றித் தர மறுத்தால், உட்புறம் 1/8 என்பிடியும் வெளிப்புறம் எம்10×1-ம் உள்ள அடாப்டர் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கலாம். ஆனால் சென்டரின் கனம் அடாப்டரின் முனையில் தொங்கி, அதிர்வில் கழுத்து ஒடியும் வாய்ப்பு உண்டு. சரியான சென்டரே நல்லது. துளையில் 1/8 என்பிடிக்குப் புது மரை வெட்டிப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.


மறுமொழி 3: ராசிபுரம் டிப்பர்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் பட்டறையில் எந்தப் பிளக் என்றாலும் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி இறுக்கிவிடுகிறோம். இதுவரை கசிவு என்று எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை. கேலரிப் பிளக்குகளைப் பட்டறைக்காரர்கள் கழற்றியதே வீண் வேலை. அவை இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது.


மறுமொழி 4: பீளமேடு பழைய மெக்கானிக்

ராசிபுரம் நண்பருக்கு: கழற்றியது வீண் வேலை அல்ல. குறி வைக்காமல் கழற்றியதுதான் தவறு. நான்காவது இருக்கையில் என்ன வந்தது என்று தம்பி எழுதியிருப்பதைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றாமல் தொட்டியில் மூழ்க வைத்தால், கேலரியின் முட்டுமுனையில் கசடு அப்படியே இருக்கும். புது ஆயில் சூடாகி அதைக் கரைத்து நேராகப் புது பேரிங்குக்குத்தான் கொண்டு போகும். அந்தத் தூளில் சிலிண்டரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் தூளும் கலந்திருக்கும்; கிராங்க்கைத் தேய்ப்பதற்கு அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது.

டெஃப்லான் டேப்பைத் தண்ணீர்ப் பக்கத்தில், கூம்பு மரையில், நுனியில் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயில் கேலரியில் கூடாது. திருகும்போது பிய்யும் வெள்ளை நார் உள்ளேதான் விழும். இந்த என்ஜினில் பிஸ்டனின் அடிப்புறத்தைக் குளிர்விப்பதற்காக மெயின் பேரிங் இருக்கைகளில் ஆயிலைப் பீய்ச்சும் சிறு முனைகள் இருக்கின்றன. ஒரு நார் அதில் போய் உட்கார்ந்தால் வெளியே கசிவு எதுவும் தெரியாது; பிரஷர் மீட்டரும் நன்றாகவே காட்டும்; அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் ஏற்காட்டு மலையில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும். வண்டி திரும்பி வரவில்லை என்பதால் வேலை சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது, ஐயா. அந்த வண்டிக்காரர் வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம்.

கூம்பு மரைக்கு என்ஜின் ஆயிலைத் தாங்கும் பசையை, நுனியை விட்டு, மெல்லியதாகத் தடவினால் போதும். நேர் மரைக்குப் பசையே வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, தலைக்கு அடியில் உள்ள ஓ-ரிங் அல்லது செம்பு வாஷர். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையதை நம்ப வேண்டாம். செம்பு வாஷர் கையிருப்பில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி மென்மையாகிவிடும். எஃகு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும் என்பதால் புதுப் பையன்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

கூம்புப் பிளக்கை அளவுக்கு மீறி ஆழமாகவும் திருகக் கூடாது. கேலரிக்குக் குறுக்கே இன்னொரு வழி பிரியும் இடம் பிளக்குக்கு அருகிலேயே இருந்தால், நீண்டு போன பிளக்கின் நுனி அந்த வழியின் வாயை மறைத்துவிடும். ஒவ்வொரு பிளக்கையும் போட்ட பிறகு ஏர் கன்னை எடுத்து ஏழு இருக்கைகளிலும் காற்று வருகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

பெரிய வட்ட மூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை உறைபனியிலிருந்து பிளாக்கைக் காக்கும் மூடி என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஜாக்கெட்டின் வடிவத்துக்கு உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். அந்த அச்சைத் தாங்கிப் பிடிக்கவும், வார்த்த பிறகு மணலை வெளியே கொட்டவும் விட்ட ஓட்டைகள்தாம் இவை. அவற்றின் விளிம்பை மட்டும் கடைந்து சமன் செய்து மூடி போடுகிறார்கள். அந்த மூடிகள் மெல்லிய தகடு என்பதால், கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிற நம் வண்டிகளில் உள்ளேயிருந்து துருப்பிடித்து முதலில் ஓட்டையாவதும் அவைதாம். பழையதைத் திரும்பப் போட நினைக்காமல் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

மாட்டும் முறையில் கவனம் வேண்டும். கிண்ணம் போன்ற மூடியில் கிண்ணத்தின் வாய் வெளியே பார்க்க வேண்டும். அதன் மிகப் பெரிய விட்டம் வாயின் ஓரத்தில்தான் இருக்கிறது, கசிவை அடைப்பதும் அந்த ஓரம்தான். ஆகவே அந்த ஓரத்தில் சுத்தியலோ உளியோ படக் கூடாது. கிண்ணத்தின் உள்ளே தாராளமாகப் போகும் ஒரு உருளையை அடித்தளத்தில் உட்கார வைத்து, கோணாமல் அடிக்க வேண்டும். ஓரம், துளையின் சரிவு விளிம்பைத் தாண்டிச் சற்று உள்ளே இறங்கியிருக்க வேண்டும். தட்டு போல மேல்புறம் புடைத்த வகை வேறு; அதில் புடைப்பு வெளியே இருக்கும்படி வைத்து நடுவில் அடித்தால் தட்டு விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். கேம் துளையின் பின்மூடி எந்த வகை என்று பட்டறையில் கழற்றியதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய மூடியை எறிந்துவிட்டார்கள் என்றால், டைமிங் கேஸின் இடப்பக்கத்தில் உள்ள தகட்டிலிருந்து என்ஜின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஸ்பேர் கடையில் கேளுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் புடைப்பாக வார்த்திருக்கும் எண் அச்சின் எண், என்ஜின் எண் அல்ல.


சங்ககிரி லாரிக்காரன்

ஐயாவுக்கும் டர்னர் அண்ணாவுக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

டர்னர் அண்ணா சொன்னது சரி. துளை எம்10×1, கடைக்காரர் கொடுத்த சென்டர் 27 மரை. மாற்றித் தந்துவிட்டார். புதியது விரலாலேயே கடைசி வரை ஓடி வாஷரில் உட்கார்ந்தது.

கேலரி முழுவதையும் நீண்ட பிரஷ்ஷால் டீசல் ஊற்றித் தேய்த்து, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை மூன்று முறை செய்தோம். பிளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஏழு இருக்கைகளையும் சோதித்தோம். இடப்பக்கத்துத் துளை ஒன்றில் பிளக் போட்டு முடித்த பிறகுதான், ஏர் கம்ப்ரஸரைப் பொருத்திப் பார்க்கும்போது அதன் ஆயில் பைப் வந்து நிற்கும் இடம் அதுவே என்று தெரிந்தது, கழற்றிவிட்டோம். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கம்ப்ரஸர் ஆயிலே இல்லாமல் ஓடி ஒரே நாளில் பிடித்திருக்கும், பிரேக்குக்குக் காற்றும் இருந்திருக்காது.

டீசலை நிறுத்திவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும் வரை செல்ஃப் மோட்டாரை விட்டு விட்டுச் சுற்றினோம். பிறகு ஸ்டார்ட் செய்தோம். சூடான பிறகு ஐட்லிங்கில் (சதுர சென்டிமீட்டருக்கு) 1.5 கிலோவும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் 4 கிலோவும் காட்டுகிறது. இது போதுமா?

டப்பாவில் ஒரு பித்தளைப் பிளக் மட்டும் மிச்சம் இருக்கிறது. பிளாக்கில் திறந்த துளை எதுவும் இல்லை. எல்லாத் துளைகளிலும் அதைத் திருகிப் பார்த்துவிட்டேன், எதிலும் பொருந்தவில்லை.


மறுமொழி 5: பீளமேடு பழைய மெக்கானிக்

போதும், தம்பி. இந்த என்ஜினுக்கு ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 கிலோ, முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2.1 கிலோ, இவைதாம் குறைந்தபட்ச அளவுகள். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு 60 பிஎஸ்ஐ வாக்கில் திறப்பதால் உங்கள் 4 கிலோ சரியான இடத்தில்தான் நிற்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளில் உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சமான பித்தளைப் பிளக்கை வெர்னியரில் அளந்து, அளவை எழுதுங்கள். அங்குலத்துக்கு 28 மரையாக இருந்தால் அது உங்கள் பிளாக்கினுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு; அதே தொட்டியில் கழுவிய வேறு ஏதோ ஒரு வண்டியின் பிளக் உங்கள் டப்பாவில் விழுந்திருக்கிறது. போரிங் பட்டறைக்கு இன்றே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், அந்த வண்டிக்காரர் இந்நேரம் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.


சங்ககிரி லாரிக்காரன்

அளந்தேன் ஐயா. விட்டம் 9.7, மரை 28. பட்டறைக்குச் சொல்லிவிட்டேன், ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள்.